வக்கீலம்மா கேட்காத கேள்வி

என் தையல் கடைக்கு மேல்மாடியில் ஆறு வருடம் ஆபீஸ் வைத்திருந்த வக்கீலம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் பயம்தான் வரும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, கடைசியில் "சரிதானே?" என்பார். மரக்காணத்தில் அந்த வார்த்தைக்குப் பயப்படாதவர்கள் அவரிடம் இன்னும் மாட்டாதவர்கள்தான்.

முதல் நாள் கறுப்புக் கோட்டோடு கடைக்குள் வந்தார். உள்ளே லைனிங் கிழிந்திருந்தது, மாற்றித் தரச் சொன்னார். யாரோ ஒருத்தியின் ஜாக்கெட்டில் மிச்சமான கறுப்புத் துணி என்னிடம் கிடந்தது. உள்பக்கம்தானே, யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று அதையே ஒட்டுப் போட்டுத் தைத்துவிட்டேன். கோட்டை வாங்கியவர் கிளம்பாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லைனிங் துணி மீட்டர் கணக்குல வாங்குவீங்க. சரிதானே?"

"ஆமாங்க."

"ஒரு கோட்டுக்கு முதுகுப் பக்கம் ஒரே துண்டா வெட்டுவீங்க. சரிதானே?"

"ஆமாங்க."

"இதுல முதுகுல ரெண்டு ஒட்டு இருக்குது. சரிதானே?"

மூன்றாவது கேள்விக்கு நான் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். என்னை வெளியே விடாமல் கதவைச் சாத்தினது அவர் இல்லை, முதல் இரண்டு ஆமாங்க போட்டு நானே சாத்திக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒரு மைப் பேனா இருந்தது. பேசும்போது மூடியைக் கழற்றி வைத்திருப்பார், பேச்சு முடிந்ததும் டக்கென்று மூடுவார். அன்றைக்கு மூடிவிட்டு எழுந்து போனார். நான் கோட்டைப் பிரித்துப் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன்.

எங்கள் தெருவில் கூடை மீன் விற்கும் அம்மாவும் ஒரு நாள் மாட்டிக்கொண்டார். "இப்பத்தான் கரைக்கு வந்த மீனு, துடிக்குது பாரு" என்று கூவிக்கொண்டு வந்தவரை வக்கீலம்மா படியில் நின்று கூப்பிட்டார்.

"நேத்து சாயந்திரத்துலேர்ந்து காத்து சரியில்ல. சரிதானே?"

"ஆமாம்மா, பிசாசுக் காத்து."

"இன்னிக்கு எந்த போட்டும் கடலுக்குப் போவல. சரிதானே?"

அந்த அம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "இந்தம்மா கிட்ட மீன் விக்கிறதுக்கு அந்தக் காத்துலயே கடலுக்குப் போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். தெருவே சிரித்தது. வக்கீலம்மாவும்தான் சிரித்தார். பிறகு என்னிடம் வந்து, "பொம்மையார்பாளையத்துல எங்கண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் கேட்டேன்" என்றார்.

அவருடைய தொழிலே அதில்தான் இருந்தது. பதில் தெரியாத கேள்வியை அவர் யாரிடமும் கேட்கமாட்டார். அவருடைய அப்பா கட்டுமரக்காரர். பாண்டிச்சேரியில் சட்டம் படித்துவிட்டு ஒரு பெரிய வக்கீலிடம் ஒன்பது வருடம் ஃபைல் தூக்கினாராம். ஜீவனாம்சக் கேஸ்களாகவே இவர் பக்கம் தள்ளிவிட்டார்களாம். அடிதடி, கொலை என்று வந்தவர்கள் 'பொம்பளை வக்கீல் வேணாம் சார்' என்று இவர் காதுபடவே சொல்லுவார்களாம். ஒரு தடவை பெரிய வக்கீலுக்கு ஜுரம் வந்து, சாட்சி விசாரணைக்கு இவர் நிற்க வேண்டியதாகிவிட்டது. முதல் நாளே பஸ் ஏறி, சம்பவம் நடந்த கிளியனூர்த் தோப்புக்குப் போய், சம்பவம் நடந்த அதே நேரத்தில் அங்கே நின்று பார்த்திருக்கிறார். சாட்சி நின்றதாகச் சொன்ன இடத்திலிருந்து தோப்புக் கிணறே தெரியவில்லை. மறுநாள் கோர்ட்டில் ஆறு கேள்விதான் கேட்டாராம். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டே, கையைத் தூக்கியபடி சொன்னார்.

"ஏழாவது கேள்வி கேட்டிருந்தா தோத்துருப்பேன். எங்க நிறுத்தணும்னு தெரியணும், அதான் வக்கீலு."

எந்தக் கேஸானாலும் இடத்துக்குப் போய்க் காலால் அளந்துவிட்டு வருவார். விசாரணைக்கு முந்தின நாள் மாடி அறையில் அந்தத் தூரத்தை மறுபடி நடந்து பார்ப்பார். சுவர் வந்தால் திரும்பி நடப்பார். கீழே மெஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒவ்வொரு அடியும் கேட்கும். நாளைக்கு எவனுக்கோ வேளை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் உப்புப் பாத்தியில் இறங்கினவர்கள்தான். இருபத்திரண்டு வயது வரைக்கும் நானும் உப்பு வாரினேன். காலில் உப்புப் புண் வந்து ஆறாமல் போகவேதான் தையல் படித்தேன். தம்பி மட்டும் அங்கேயே இருந்துவிட்டான். இது வக்கீலம்மாவுக்குத் தெரியும்.

ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "மத்தியான வெயில்ல உப்பளத்துல எல்லாரும் மூஞ்சில துண்டு சுத்திக்கிறீங்க. அப்புறம் யாரு யாருன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பதில் தெரியாமல் அவர் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூஞ்சிய யாருக்கா பாக்குறா? உப்பு வெளிச்சத்துல கண்ணத் தொறக்கவே முடியாது. நடைதான். வரப்புல நாலு அடி வச்சா போதும், சொல்லிடுவோம்."

இறால் பண்ணையில் மோட்டார் திருடினான் என்று ஒரு உப்பளக்காரனைப் பிடித்திருந்தார்கள். அவனுக்கு இவர்தான் வக்கீல். திருட்டு நடந்த நேரத்தில் அவன் பண்ணைக்கு எதிர்ப்பக்கம் வடக்கு வரப்பில் போனதைப் பார்த்தேன் என்று ஒரு அம்மா சாட்சி சொல்ல வந்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை என்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வக்கீலம்மா என்னை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாலு பேருக்கு ஒரே மாதிரி துண்டு சுற்றி, ஒரே மாதிரி சட்டை போடச் சொல்லி, தூரத்து வரப்பில் ஒவ்வொருவராக நடக்கவிட்டார். நான் நாலு பேரையும் சொன்னேன். ஆள் வரிசையை மாற்றிவிட்டார். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை கூடுதலாக ஐந்தாவதாக ஒருவரை நடக்கவிட்டார். "இது நம்ம ஊரு நடையே இல்லக்கா, வெளியாளு" என்றேன். அது அவருடைய ஆபீஸ் குமாஸ்தா, உப்பளத்தில் கால் வைத்தே அறியாதவர்.

வக்கீலம்மா குடையை மடக்கிவிட்டு வெயிலில் நின்று என்னையே பார்த்தார். "உங்க கண்ணு கண்ணு இல்லம்மா, கேமரா" என்றார். கோர்ட்டில் அதையே வாதாடினார். உப்பளத்து ஜனங்களுக்கு நடைதான் முகம் என்று அவர் பேசினதைக் கேட்டு மாஜிஸ்திரேட்டே எழுதுவதை நிறுத்திவிட்டாராம். அந்த ஆள் விடுதலையாகி, பொண்டாட்டியோடு ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தான். வக்கீலம்மா பொட்டலத்தை அப்படியே கொண்டுவந்து என் வெட்டு மேஜையில் வைத்தார். அன்றைக்கு எனக்கு அவர் சொந்த அக்காவாகவே ஆகிவிட்டார்.

அடுத்த சித்திரையில் என் தம்பிக்கு ஒரு கண் போயிற்று.

பக்கத்துப் பாத்தி மேஸ்திரிக்கும் அவனுக்கும் வாய்க்கால் தண்ணீர் விடுவதில் ரொம்ப நாளாகத் தகராறு. அன்றைக்கு மத்தியானம் தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மற்றவர்கள் எல்லோரும் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி மட்டும் குனிந்து மடையைத் திறந்துகொண்டிருந்தான். தூரத்தில் துண்டு சுற்றின ஒரு ஆள் வரப்போடு வந்தான். வலது காலைத் தட்டையாக வைத்து, இடது காலை அரை அடி இழுத்து, அந்தப் பக்கத்துத் தோளும் கூடவே இறங்க, வந்தான். மேஸ்திரி வருகிறான் என்று எண்ணிக்கொண்டேதான் நடந்தேன். கையில் உப்பு வாரும் பலகை இருந்தது. தம்பி நிமிரும்போது பக்கவாட்டில் வீசினான். நான் ஓடிப்போய்த் தூக்கும்போது தம்பியின் முகம் உப்புத்தண்ணீரில் கிடந்தது. அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடித்தவனை அவனால் பார்க்க முடியவில்லை. துண்டு தெரிந்தது என்று மட்டும் சொன்னான்.

ஸ்டேஷனில் எழுதினவர் என்னைக் கேட்டார். "மூஞ்சியப் பாத்தியாம்மா?"

"நடையப் பாத்தேன் சார். அவன்தான்."

"நடைன்னு எழுதினா கேஸ் நிக்காது. அவன்தான்னு உனக்குத் தெரியுமில்ல? அப்ப மூஞ்சியப் பாத்தேன்னு போட்டுக்கிறேன்."

நான் தலையாட்டினேன். தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன்தான் என்பது சத்தியம். மூஞ்சியோ நடையோ, எந்த வார்த்தையில் எழுதினால் என்ன என்று அப்போது தோன்றியது.

மேஸ்திரி ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஒரு அடி, ஒரு இழுப்பு. ஒரு அடி, ஒரு இழுப்பு. என் கால் மெஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. அந்த நடை என் தலைக்கு மேல் போய், வக்கீலம்மாவின் மேஜை இருக்கும் இடத்தில் நின்றது.

மறுநாள் மாடி ஏறிப்போனேன். "அக்கா, இந்தக் கேஸ நீங்கதான் எடுக்கணுமா?"

அவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டவில்லை. "அவருக்கும் யாராவது ஒருத்தர் நின்னுதான் ஆவணும். நான் நிக்கிறேன். நீங்க அந்தப் பக்கத்து சாட்சி. கேஸ் முடியுற வரைக்கும் நாம பேசக்கூடாது. சரிதானே?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகு கடையைத் தாண்டும்போது அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கோட்டு லைனிங் ஒரு பக்கம் விட்டுத் தொங்கியது, அதையும் என்னிடம் தரவில்லை. எனக்குச் சோறு இறங்காமல் போனது. நான் எழுதவிட்ட பொய் அவருக்குத் தெரியாமல் இருக்காது. 'மூஞ்சிய யாருக்கா பாக்குறா' என்று அவரிடமே பெருமையடித்தவள் நான்தானே.

விசாரணைக்கு முந்தின நாள் மாடியில் நடக்க ஆரம்பித்தார். நான் கூடவே எண்ணினேன். சுவர் வரைக்கும் ஒன்பது காலடி, திரும்பி ஒன்பது. இருபது, நாற்பது, அறுபது. எண்பத்திரண்டில் நின்றது. சம்பவம் நடந்த மறுவாரமே, நான் நின்ற இடத்திலிருந்து மடை வரைக்கும் நானும் நடந்து பார்த்திருந்தேன். என் காலுக்கு எண்பத்தைந்து. வக்கீலம்மா என்னைவிடக் கொஞ்சம் உயரம்.

கோர்ட்டு வராந்தாவில் எங்கள் பக்கத்து அரசு வக்கீல் கையில் பத்துக் கேஸ் கட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். அவர் பின்னாலேயே ஓடினேன்.

"சார், நான் நடையத்தான் சார் பாத்தேன். அந்தம்மாவே என்னை ஒரு தடவ வெயில்ல நிக்கவச்சு டெஸ்ட் பண்ணிருக்காங்க. அத நீங்க கேளுங்க சார்."

"இப்ப வந்து புதுசா ஆரம்பிக்காதம்மா. ஸ்டேட்மென்ட்ல இருக்குற மாதிரி சொல்லு. மாத்துனா கேஸ் இன்னிக்கே போயிடும்."

மாற்றினாலும் போகும், மாற்றாவிட்டாலும் போகும். கூண்டில் ஏறினேன். தம்பி பின் பெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அரசு வக்கீல் கேட்டதற்கு, "மேஸ்திரிதான் அடிச்சாரு, மூஞ்சியப் பாத்தேன்" என்று சொன்னேன். வக்கீலம்மா எழுந்தார். பேனா மூடியைக் கழற்றினார். கோட்டு லைனிங்கை ஸ்டேப்ளர் பின் அடித்து நிறுத்தியிருந்தது என் கண்ணில் பட்டது. அந்த நேரத்திலும் அதுதான் கண்ணில் பட்டது.

"சம்பவம் நடந்தது மத்தியானம் ஒரு மணிக்கு. சரிதானே?"

"ஆமாங்க."

"அந்த நேரத்துல உப்பு வெளிச்சம் கண்ணக் கூசும். சரிதானே?"

"ஆமாங்க."

"அதனால எல்லாரும் முகத்துல துண்டு சுத்தியிருப்பாங்க. அடிச்ச ஆளும் சுத்தியிருந்தார். சரிதானே?"

"ஆமாங்க."

"நீங்க எண்பது காலடிக்கு மேல தள்ளி நின்னீங்க. சரிதானே?"

"ஆமாங்க."

"அப்ப முகத்தப் பாத்தேன்னு இப்ப சொன்னது பொய். சரிதானே?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "முகத்தப் பாக்கலங்க. நடையப் பாத்தேன். அவன் நடை எனக்குத் தெரியும்."

"நடையப் பத்தி போலீஸ்ல ஒரு வார்த்தை கூட நீங்க சொன்னதா இல்ல. சரிதானே?"

"அவங்க எழுதல."

"எழுதினதுல இல்ல. சரிதானே?"

"ஆமாங்க."

"உப்புப் புண்ணு வந்து காலை இழுத்து நடக்குறவங்க உப்பளத்துல நிறைய பேர் இருக்காங்க. உங்களுக்கே அந்தப் புண்ணு இருந்துச்சு. சரிதானே?"

என் காலைக் கட்டிலில் நீட்டி வைத்துக்கொண்டு நான் சொன்ன கதை அது. அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்த மழைக்காலத்தில் சொன்னது. அழுகை வந்துவிட்டது.

"அக்கா, நீங்கதானே என்னை உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போயி டெஸ்ட் பண்ணீங்க. இப்ப இங்கயே நாலு பேர நடக்கச் சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றேன்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்றார் மாஜிஸ்திரேட். மோட்டார் கேஸைக் கேட்டவர் மாறிப்போய்விட்டார், இவர் புதியவர். அரசு வக்கீல் அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மாவின் கை ஒரு விநாடி நின்றது. நடக்கவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று அந்தக் கட்டடத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

"வேற கேள்வி இல்ல" என்றார். டக்கென்று பேனா மூடிக்கொண்டது.

மேஸ்திரியை விடுதலை செய்தார்கள். சந்தேகத்தின் பலனைக் கொடுத்ததாகச் சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போது தம்பி, "விடுக்கா, நீ என்ன பண்ணுவ" என்றான். அந்த ஆளுக்குப் பக்கத்து வரப்பில்தான் அவன் மறுநாள் காலையில் வேலைக்கு இறங்க வேண்டும். எந்தப் பக்கத்துக் கண் போயிற்றோ அந்தப் பக்கம்தான் மேஸ்திரியின் பாத்தி. நான் செய்த ஒரு தலையாட்டலுக்கு அவன் இனிமேல் பாதிநேரம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். வக்கீலம்மா மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். என் மேல் இருந்த கோபம் அதைவிடப் பெரியது.

பத்து நாள் கழித்து, மத்தியானம், படியில் இறங்கும் சத்தம். ஒரு அடி, ஒரு இழுப்பு. ரவிக்கைக்குப் பட்டி அடித்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் ஒரு நிழல் கடந்து போனது. பின்னாலேயே வக்கீலம்மா இறங்கி வந்து கோட்டை என் மேஜையில் வைத்தார். ஸ்டேப்ளர் பின்கள் துருவேறியிருந்தன.

"கேஸ் முடிஞ்சிடுச்சு. இனிமே பேசலாம்" என்றார். "லைனிங் மாத்தணும்."

நான் எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"அன்னிக்கு வெயில்ல அஞ்சு பேர நடக்க விட்டீங்க. சரிதானேக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். "ஆமா."

"ஒரு ஆளக்கூட நான் தப்பாச் சொல்லல. சரிதானே?"

"ஆமா."

"இப்ப படியில இறங்கிப் போனவர நான் தலையத் தூக்கிப் பாக்கல. சரிதானே?"

"ஆமா" என்றார். கை வழக்கமாகக் கோட்டுப் பை இருக்கும் இடத்தில் பேனாவைத் தேடியது. பையும் இல்லை, பேனாவும் இல்லை, கோட்டு என் மேஜையில் இருந்தது.

அது யாருடைய நடை என்ற அடுத்த கேள்வி என் வாயில் தயாராக இருந்தது. அது அவருக்கும் தெரியும். வாசலை அடைத்துக்கொண்டு, அந்தக் கேள்வி வரட்டும் என்று அவர் நின்றார். ஆறு வருடத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் கேட்கவில்லை. சாக்கட்டியை எடுத்துக் கோட்டின் உள்ளே கோடு போட்டேன்.

"எப்ப வேணும்க்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் திரும்பிப் படியேறிப் போய்விட்டார். மாதக் கடைசியில் ஆபீஸைக் காலி செய்துகொண்டு போனார். கோட்டை வாங்க வரவில்லை. அது என் கடை ஆணியில்தான் தொங்குகிறது. முதுகில் ஒட்டு இல்லாமல், ஒரே துண்டாக வெட்டித் தைத்து வைத்திருக்கிறேன்.